பாழான தாளின் மறுபக்கம்

திங்கட்கிழமை என்றால்
கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சந்தில்
என் மெஷினுக்கு மூச்சுவிட நேரமில்லை.
மனு, மனுவுக்கு நகல், நகலுக்கு நகல்,
ஆதார் முன்பக்கம் பின்பக்கம்.
இரண்டு ரூபாய்.
வழி கேட்டால் காசில்லை.

வழிதான் அதிகம் கேட்பார்கள்.
டயாலிசிஸுக்கு எந்த வாசல்,
ஜீவனாம்ச வழக்குக்குப் பீஸில்லாத வக்கீலை
எந்தக் கட்டடத்தில் தருகிறார்கள்,
விதவைப் பென்சன் நின்றுபோனால்
தாலுக்காவா, பேங்க்கா.
எனக்குத் தெரிந்தது பாதி.
மீதியை டவாலி மாணிக்கவேலுக்குத்
தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துத்
தெரிந்துகொண்டேன்.

எழுதிக் கொடுக்க வெள்ளைத்தாள் கட்டுப்படியாகாது.
மை அப்பிப் பாழான நகல்கள்
மேஜைக்கடியில் கட்டுக்கட்டாய்க் கிடக்கும்.
பாதியாய்க் கிழித்துப் பின்பக்கம் எழுதுவேன்:
இன்ன அறை, இன்ன கிழமை, இன்னாரைப் பார்.

ஆடியில் ஒரு திங்கள்
கொளகூரிலிருந்து வெள்ளச்சி வந்தாள்.
மலையிறங்கினா எல்லாத்துக்கும் காதடைக்கும்,
அடிவாரத்துல தொறந்துக்கும்,
எனக்கு ஆறு வருசமாத் தொறக்கல என்றாள்
சந்து முழுக்கக் கேட்கிற குரலில்.

காது மெஷின் இலவசமாய்த் தரும் இடத்தைப்
பெரிய எழுத்தில் எழுதித் தந்தேன்.
அவளுக்குப் படிக்கத் தெரியாது.
எழுத்தின் பெரிசு
என் ஆறுதலுக்கு.

டவுன் பஸ் கண்டக்டரிடம் நீட்டியிருக்கிறாள்.
அவர் படித்தது
மறுபக்கம்.

மறுபக்கத்தில்
ஓரம் கறுத்த ஒரு ரேஷன் கார்டு.
அர்த்தநாரி, குகை,
ஒரு சந்து, ஒரு கதவு எண்.

போய்க் கதவைத் தட்டிவிட்டாள்.

லீ பஜாரில் மூட்டை சுமந்தவர்.
சர்க்கரை அவர் வலதுகாலை
முழங்கால்வரை வாங்கிக்கொண்டது.
மாசியில் செயற்கைக் காலுக்கு மனுவோடு வந்து,
நகல் கறுத்ததும் என்ன நினைத்தாரோ,
வேண்டாம் என்று திரும்பிப் போனவர்.
நான் மறந்துபோனவர்.

ஆபீஸ்லருந்தா வர்றீங்க?
தலையாட்டினாள்.
காதில் விழாத எதற்கும் தலையாட்டுவது
ஆறு வருஷப் பழக்கம்.
உட்காரவைத்து எல்லாம் சொன்னார்.
மகன் திருப்பூர் போனது,
புண் ஆறாதது,
ரேஷன் கடையின் மூன்று படிகள்,
ராத்திரியில் இல்லாத கால் அரிப்பது.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.
அவ்வளவு பொறுமையாய் எந்த ஆபீசும்
அவரைக் கேட்டதில்லை.

அடுத்த திங்கள் ஒரே ஆட்டோவில்
இருவரும் என் கடை முன்னால்.
திட்டத்தான் வந்தார்கள் என்று நினைத்தேன்.
அவர் பலகைகளைப் படித்து விரல் நீட்டுகிறார்,
அவள் இறங்கிப்போய் வரிசையில் நிற்கிறாள்,
கையில் இரண்டு மனு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.
மாணிக்கவேல் டீக்கடைதோறும் சொல்கிறான்.
அவன் சொல்லாமல் விடுவது:
காது மெஷின் ஐப்பசியில்தான் வந்தது.
மாட்டிய அன்றே
இந்த ஆளு இவ்ளோ பேசுவாரா என்றாள்,
சந்துக்குக் கேட்காத குரலில்.
காலுக்கு அளவெடுக்கும் முகாம்
இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது.
இலவசம் என்று பலகை தொங்கும் இடத்திலெல்லாம்
ஒரு நாள் கூலியை
வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

இப்போது வெள்ளைத்தாளில்தான் எழுதுகிறேன்.
அடுத்தவர் வீட்டுக் கதவை
யார் கையிலோ கொடுத்தது என் தப்பு.
நல்லதாய் முடிந்தது என்பதற்காகத்
தப்பு இல்லையென்று ஆகாது.

பழைய கட்டுகளை எரிக்க எடுத்தேன்.
எரிக்கும் முன்னால் ஒவ்வொன்றாய்ப் புரட்டுகிறேன்.
இவர் திரும்ப வந்தாரா?
இந்தம்மா?
மனுவின் அடியில் போன் நம்பர் தெரிந்தால்
அதை மட்டும் தனியே எடுத்துவைத்து,
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அடிக்கிறேன்.

யாருங்க?

ஜெராக்ஸ் கடைலருந்துங்க.
அந்த மனு
என்னாச்சுங்க?