பார்வை

முப்பத்தொன்றாம் எண்: ஆட்டுக்குட்டி, துயரம்.
யாரோ எங்கோ ஒலிவாங்கியை நீட்டிப் பிடித்திருக்கக்
கத்திய குட்டி அது.
இன்று இருக்காது. குரல் இருக்கிறது,
நான்கு பேட்டரியில்.

வெர்லிஸ் ஸ்டோர்டால் பெட்டியை
வேலிக்கு அப்பால் அறுபது தப்படியில்
பனிமேல் வைத்தாள்.
பக்கத்தில் ஒரு கம்பி, முனையில் முயல்தோல்.
பொத்தானைத் தொட்டால் துடிக்கும்.
பழக்கிய மானைக் காட்டி மானைப் பிடித்த வேடர்கள்
அந்த மானைப் பார்வை என்றார்கள்.
இதை எப்படிச் சொல்வது?
இதற்குக் கண்ணே இல்லை.

கிழக்கு மொன்டானா. மார்ச்.
காதுமடல் கண்ணாடியாகும் குளிர்.
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினோரு குட்டிகள்.
தாய்க்கும் குட்டிக்கும் ஒரே எண் எழுதுவாள்;
நேற்றுக் கிடைத்தது ஒரு குளம்பும்
நீல மையில் 72-இல் பாதியும்.

"முதல்ல முயல். வரலேன்னா குட்டியைப் போடு"
என்றிருந்தான் பெட்டியை விற்ற கேலன் ட்வெய்ட்.
முயலுக்கு ஒரு மாக்பை வந்தது.
தோலைக் கொத்திப் பார்த்துவிட்டு
ஏமாந்ததைக் காட்டிக்கொள்ளாமல்
வேலிக்கம்பத்தில் போய் உட்கார்ந்தது.

குட்டியைப் போட்டாள்.

சேஜ் புதர்களுக்கிடையே சாம்பல் நகர்ந்தது.
நரியென்றால் பெரிது, ஓநாயென்றால் சிறிது:
கொயோட்டி.
நேரே வரவில்லை. காற்றின் கீழ்ப்பக்கமாக வளைந்து,
காது கேட்டதை மூக்கிடம்
சரிபார்த்துக்கொண்டு வந்தது.
அவள் துப்பாக்கியின் தாழை விலக்கினாள்.
இன்னும் பத்தடி.

அப்போது பின்னாலிருந்து ஓடி வந்தது ஓர் ஆடு.
வேலியில் எந்த ஓட்டையோ.
மடி கனத்து ஆட, விலாவில் நீல 72.
கொயோட்டியை அது பார்க்கவேயில்லை.
பெட்டியை முகர்ந்தது.
தொண்டைக்குள்ளேயே உருட்டி ஒரு சத்தம்,
ஈன்றவை ஈன்றதிடம் மட்டும் பேசுவது.

குழலுக்கும் குறிக்கும் நடுவே கம்பளி.
கொயோட்டி உட்கார்ந்தேவிட்டது.
ஆட்டின் கால்களுக்கு இடையே
அதன் இரண்டு கண்.

ஒலியை நிறுத்தினாள் வெர்லிஸ்.
தோலுக்குத் தனி மோட்டார்; அது துடித்துக்கொண்டிருந்தது.
ஆடு முன்னங்காலால் பெட்டியைத் தட்டியது,
எழுந்திரு, எழுந்திரு என்று.
அவள் எழுந்து நின்றபோது
கொயோட்டி இருந்த இடத்தில் புதர்.

கொட்டகைக்கு வர மறுத்தது ஆடு.
தள்ளினாள். காதைப் பிடித்து இழுத்தாள்.
அப்பா வழி வந்த நார்வே வசவு ஒன்றையும் சொன்னாள்.
இருட்டிக்கொண்டு வந்தது.
வேறு வழியில்லை;
பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி
ஒலியை இரண்டில் வைத்து நடந்தாள்.
ஆடு பின்னாலேயே வந்தது.
கதவு வரைக்கும் அவள் விலாவுக்குள்
கத்திக்கொண்டே இருந்தது
இல்லாத குட்டி.

விடிந்து பார்த்தாள்:
பனியில் அவள் பூட்ஸ், ஆட்டுக் குளம்பு,
இரண்டின் மேலும் பதிந்த
மூன்றாவது தடம்,
கதவுக்கு எட்டடி வரை.