பூஜ்யம் எழுதுதல்

செக்காலை ரோட்டில் இழுத்து மூடிய நகைக்கடன் கம்பெனியிலிருந்து
பதினொரு ஹார்டு டிஸ்க் வந்தன,
தேன்குழல் டின்னில் அடுக்கி
நடுநடுவே பழைய தினத்தாள் மடித்து வைத்து.

"எல்லாம் டெலீட் பண்ணியாச்சு தங்கச்சி,
குப்பைத் தொட்டியையும் காலி பண்ணியாச்சு.
நீ விலைய மட்டும் பேசு"
என்றார் சாத்தப்பன்.

ஒன்றை எடுத்துக் கேபிளில் மாட்டினேன்.
மீட்கும் மென்பொருள் நாலு நிமிஷம் முனகியது.
அப்புறம் வந்தார்கள்
ஒவ்வொருவராக,
கம்பி ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து
கேமராவைப் பார்க்காமல்
தராசைப் பார்த்தபடி.

பள்ளத்தூர் அடைக்கலமேரி, தோடு ஒரு ஜோடி,
கல் நீக்கி மூன்றேகால் கிராம்.
கல்லல் முகமது யூசுப், மனைவியின் வளையல் இரண்டு.
புதுவயல் ரைஸ்மில் டிரைவர் ஒருவர்,
குழந்தையின் அரைஞாண்,
அதைக் கழற்றிய கையோடு குழந்தையும் மடியில்.
ஆதார், கைநாட்டு, செல் நம்பர்,
அவசரத்துக்கு மச்சினன் நம்பர்.

"டெலீட்டுன்னா அட்டவணையக் கிழிக்கிறது அண்ணே.
பேரேட்டுக்குள்ள பற்றும் வரவும்
அப்படியே உக்காந்திருக்கும்.
ஐந்தொகை பாக்குற வீட்டுல பொறந்தவர்,
உங்களுக்கு நான் சொல்லணுமா?"
அவர் பதில் சொல்லவில்லை.
டின் மூடியைத் திறந்தார், மூடினார்.

மதுரையிலிருந்து வாங்க வருகிறவன் போனில் சொன்னான்:
"அழிக்காம அப்படியே குடுங்க மேடம்,
ஒண்ணுக்கு முந்நூறு கூட வச்சுத் தர்றேன்."
எதுக்கு என்றேன்.
சிரித்தான்.
அந்தச் சிரிப்பின் விலை
பதினொன்றுக்கும் சேர்த்து மூவாயிரத்து முந்நூறு.

கடை வாடகை பாக்கி நாலாயிரம்.
இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆறாவது டிஸ்கில் நான் இருந்தேன்.
மஞ்சள் சுடிதார், எண்ணெய் வைக்காத தலை,
கண்ணுக்குக் கீழே மூன்று ராத்திரி.
செயின் ஒன்று, பதினாறு கிராம்.
மீட்காததால் ஏலம், தேதியோடு.
புதுக்கோட்டை பஸ்ஸில் தொலைந்துபோச்சு என்று
வீட்டில் அழுது காட்டிய செயின் அது.
அந்தப் பணத்தில் வாங்கிய மேஜையில்தான்
இந்த டிஸ்க் இப்போது சுற்றுகிறது.

பூஜ்யம் எழுத ஆரம்பித்தேன்.
முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை,
வெற்றிடம் விடாமல்,
பெயர் மேல் பூஜ்யம், ரேகை மேல் பூஜ்யம்,
மச்சினன் மேல் பூஜ்யம்.
அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.

இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.
முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில்
சட்டம் போட்ட கல்யாணப் படங்கள் தொங்குகின்றன,
கண்ணாடிக்கு ஒரு விலை, தேக்குச் சட்டத்துக்கு ஒரு விலை,
உள்ளே இருப்பவர்கள் இலவசம்.
போன மாதம் ஒருத்தர் வாங்கியதும்
மாப்பிள்ளையை உருவி எறிந்துவிட்டு
அந்த இடத்தில் கடிகாரம் பொருத்தச் சொன்னார்.

கரண்ட் வந்தது. மறுபடி முதலிலிருந்து.
ஒரு தடவை எழுதினால் போதும்,
படித்தவள், தெரியும்.
ஆறாவதுக்கு மட்டும் மூன்று தடவை ஓட்டினேன்.

எஸ்எஸ்டி இரண்டு. அவற்றில் மேலே எழுதினால்
வேறெங்கோ ஓர் அறையில் பழசை ஒளித்துக்கொள்ளும்,
அதற்கென்று இருக்கிற கட்டளையைத்தான் கொடுக்கணும்.
ஒன்று சுழலவே இல்லை.
அதைப் பக்கத்து வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்
நாலு இடத்தில் டிரில் போட்டு வந்தேன்.
பயல் கேட்டான், "உள்ள என்னக்கா இருக்கு?"
"கண்ணாடித் தட்டு."

மறுநாள் சாயங்காலம் சரிபார்த்தேன்.
எந்தப் பக்கம் திறந்தாலும்
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்.
பத்து டிஸ்க், முந்நூறு இல்லாத விலை.
மதுரைக்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தான்.

சாத்தப்பன் தன் பங்கை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.
போகிறவர் வாசலில் நின்று
"உள்ள ஏதும் பாத்தியா தங்கச்சி?" என்றார்.
"ஒண்ணும் பாக்கலண்ணே."

அவரும் தலையாட்டினார்.
அன்றைக்கு அந்தப் பதினாறு கிராமை
தராசில் வைத்து,
முள் நிற்கும்வரை
என் முகத்தைப் பார்க்காமல் இருந்தவர்
அவர்தான்.