அரை லாறி எரு

ஏறாவூர் ஆதம்பாவாவின் லாறி
பங்குனி கடைசிக் கிழமை வந்தது.
ஒரே பட்டி, ஒரே மாடுகள், ஒரே எரு.
பாதியை என் களுதாவளை மணலில் கொட்டிவிட்டு
மண்முனைப் பாலம் கடந்துபோய்
மீதியை முனைக்காட்டில்
மச்சாளின் வயலோரம் கொட்டினார்.
காசில் முக்கால்வாசி அன்றே கொடுத்தோம்.
கால்வாசி, அறுவடைக்குப் பிறகு என்று பேச்சு.

என் மிளகாய்க்கு முதல் இருபது நாள் கொண்டாட்டம்.
இலை கறுத்த பச்சை.
கிணற்றுத் தண்ணீர் காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம்.
கண்ணூறு படும் என்று
பழைய சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி வைத்து
நடுப்பாத்தியில் கவிழ்த்தேன்.
பூக்கிற நேரம் வந்தது.
கீழிலை மஞ்சள்.
அதற்கு மேலிலையும் மஞ்சள்.
சட்டி மட்டும் வெள்ளைப் புள்ளியோடு சிரித்தது.

மச்சாளுக்கு நேர்மாறு.
நெல் முளைத்த நாளிலிருந்தே வெளிறி
வளர்வோமா விடுவோமா என்று நின்றது.
"எருவா இது? வெறும் சாம்பல்!"
போனில் குணசீலி கத்தினாள்.
நானும் சேர்ந்து கத்தினேன்.
காணிப் பிரச்சினைக்குப் பிறகு
நாங்கள் இருவரும் ஒத்துப்போனது
அந்த மனிதனை ஏசுவதில்தான்.

ஆதம்பாவா வந்தார்.
தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு கேட்டார்:
"ஏன் தங்கச்சி,
ஒரு மாடு எழுவான்கரைக்கு ஒரு விதமாவும்
படுவான்கரைக்கு ஒரு விதமாவும் போடுமா?"
அவர் போனபிறகும் அந்தக் கேள்வி போகவில்லை.

குஞ்சு பொரிக்கிற பெட்டியிலிருந்து
வெப்பமானியைக் கழற்றினேன்.
உச்சி வெயில்.
கச்சான் காற்று மணலை வாரிக் கண்ணில் போடுகிறது.
பாத்தியில் நாலு விரல் ஆழம்.
நாற்பத்து மூன்று.

மனிதருக்கு என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருப்போம்.

அந்தச் சூட்டில், நானே ஊற்றிய ஈரத்தில்,
கண்ணுக்குத் தெரியாத கோடி வாய்கள்
எவ்வளவு அவசரமாய் மென்றிருக்கும்.
மிளகாய் கைகழுவி வந்து உட்காருமுன்
பந்தி முடிந்துவிட்டது.
மிஞ்சியது தண்ணீரோடு இறங்கி
எங்கள் கிணற்றுக்கே போயிருக்கும்.
தோண்டினேன்.
எருவின் அடையாளம் ஒன்றுமில்லை,
உரப்பையின் நீல நூல் ஒன்றைத் தவிர.

மறுநாள் வெப்பமானியைத் துவாயில் சுற்றிக்கொண்டு
பாலம் கடந்தேன்.
வரம்பில் குந்தியிருந்து
சேற்றுக்குள் கையை விட்டேன்.
இருபத்தொன்பது.
அதே சூரியன், அதே பன்னிரண்டு மணி.
கணுக்கால் நீர்
மண்ணுக்குக் குடை பிடித்து நின்றது.

கையோடு ஒரு கட்டி வந்தது:
கறுப்பாய், வைக்கோல் நரம்பு அறாமல்,
இன்னும் பட்டி மணத்தோடு.
காற்றும் இல்லாமல் சூடும் இல்லாமல்
மூன்று மாதமாய் மூச்சடக்கிக் கிடந்திருக்கிறது.

"மச்சாள், இது சாம்பல் இல்ல.
வேகாத சோறு."

குணசீலி அதை வாங்கி உடைத்தாள். மணந்தாள்.
"அப்ப என்ட பயிருக்கு எப்ப போடுவாயாம்?"
மாரிக்குள்ள கொஞ்சம் வேகும், என்றேன்.
எனக்குத் தெரிந்தா சொன்னேன்?
"உனக்கு அடிப்பிடிச்சிற்று, எனக்கு அவியல்ல"
என்றாள். சிரிக்கவில்லை.
வாவி எங்களுக்குப் பின்னால்
இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் கிடந்தது.

இனி நான் ஒரேயடியாய்க் கொட்டமாட்டேன்.
பிடி பிடியாய், பொழுது சாய,
மேலே தென்னோலை மூடி.
அவள் தண்ணீர் கட்டுவதற்கு ஒரு மாதம் முந்தியே
வெயில் குடிக்க மண்ணோடு புரட்டவேண்டும்.
சரிவருமா, தெரியாது.
கால்வாசிக் காசைப் பற்றி மட்டும்
அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
பஸ் ஏறும்போது
ஐயாயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை மடித்து
என் கைக்குள் வைத்தாள். யாருக்கென்று கேட்கவில்லை.

வீட்டில் பொரிபெட்டியின் பல்பு எரிந்தபடி.
அளக்க ஆளில்லாத சூட்டில்
இரண்டு நாள் கிடந்த பதினொரு முட்டை.
ஒன்றை உடைத்தேன்.
மற்றதை உடைக்கவில்லை.

மிளகாய்ப் பாத்தியில்
நாலு விரல் ஆழத்தில் புதைத்தேன்,
பதினொன்றையும்.
இந்த மணலில் அவை
அதிக நாள் இருக்காது.