வடக்குச் சுவர்

யாக்கூத்ஸ்க்கில் சனவரி.
வீட்டுக்குள் இருபத்தொன்று,
வெளியே பூச்சியத்துக்குக் கீழே நாற்பத்தேழு,
நடுவே ஒரு முழச் சுவர்.

ராத்திரியில் கட்டில் சில்லிட்டுப்போகிறது,
சுவர் ஓட்டை என்று
நாலு கடிதம் போட்டிருந்தாள் அகுலீனா.
ஐந்தாவதற்கு நகராட்சி என்னை அனுப்பியது,
ஒரு துரப்பணம், ஐந்து கம்பி,
கையெழுத்து வாங்க ஒரு தாளோடு.

உள்ளிருந்து எண்ணினால்
இரண்டு விரல் பூச்சு,
லார்ச் மரம் ஒரு சாண்,
கனிமப் பஞ்சு,
கடைசியில் செங்கல்.
ஒவ்வொன்றும் அடுத்ததைத் தொடும் இடத்தில்
ஒரு கம்பியை நுழைத்துவிட்டுக்
காத்திருந்தேன்.

சுவரிடம் அவசரப்பட முடியாது.
இன்று கேட்டால் நேற்றைய பதிலைச் சொல்லும்.
எண்கள் ஆடும், இறங்கும்,
மெதுவாக அதனதன் இடம் பிடித்து உட்காரும்.
அதன்பின் எந்தப் புள்ளியும் சூடேறாது, ஆறாது;
ஆனாலும் வெப்பம் போய்க்கொண்டேதான் இருக்கும்,
வந்த அளவே வெளியேறி,
மதகு திறந்த வாய்க்காலில்
நீர்மட்டம் மட்டும் அசையாததுபோல.

அகுலீனாவின் சுவர் உட்காரவில்லை.
தினமும் விடிகாலை இரண்டு மணிக்கு
முதல் கம்பி திடுக்கிட்டு விழும்.
ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது,
தயங்கித் தயங்கி.
ஐந்தாவதற்குச் சேதியே எட்டாது.

அடுத்த இரவு தூங்காமல் இருந்து பார்த்தேன்.
இரண்டு மணி. கதவு.
தரையோடு உருண்டு வந்த வெண்பனிமூட்டத்துக்குள்
முழங்கால்வரை மறைந்து
நின்றான் எர்ச்சிம், அவள் மகன்,
கொதிகலன் நிலையத்தில் முறை முடிந்து.
புருவத்தில் உறைபனி, நகக்கண்ணில் கரி.
அவன் பூட்ஸைக் கழற்றும்வரை
கதவும் திறந்தே கிடந்தது.

"இரண்டு இரவு நிலையத்திலேயே படுத்துக்கொள்" என்றேன்.
தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

எண்கள் அடங்கின.

பதினெட்டரை, பூச்சுக்கு அப்பால்.
மரத்துக்கு அப்பால் பூச்சியத்துக்குக் கீழே மூன்று;
ஆக, உறைநிலை அந்த மரத்துக்குள்ளேயே
எங்கோ ஒரு கோடாய்க் கிடக்கிறது,
லார்ச்சின் ஒரு பக்கம் இலையுதிர் காலம்
மறுபக்கம் பனி.
பஞ்சைக் கடந்ததும் நாற்பத்துமூன்று!
கையில் எடுத்தால் கனமே தெரியாத பஞ்சு
நாற்பது பாகைச் சரிவை ஒற்றையாய்த் தாங்குகிறது.
தெருவுக்கு முகம் காட்டி நிற்கும் செங்கல்
மூன்றே மூன்று.

ஆனால் கடந்துபோவது
எல்லாவற்றிலும் ஒன்றுதான்.
சதுர மீட்டருக்குப் பதினாறு வாட்,
பூச்சிலும் அதே, பஞ்சிலும் அதே.
ஒருவர் கொஞ்சம் எடுத்துக்கொண்டு
மிச்சத்தைத் தள்ளிவிடும் கணக்கு
இங்கே இல்லை.
எதிர்ப்பவர் அதிகம் இழக்கிறார், அவ்வளவே,
அதுவும் வெப்பத்தை அல்ல,
உயரத்தை.

"சுவரில் குறை இல்லை" என்றேன் அகுலீனாவிடம்.
இரண்டு இரவும் அவள் கண் மூடவில்லை என்பது
முகத்திலேயே இருந்தது.
குழாயில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.
"சூடாகத்தான் இருக்கிறது,
அங்கே அவன் அள்ளிப்போடுகிறான்" என்றாள்.

"உங்களை எழுப்பும் குளிர்
கதவு வழியாக வருகிறது,
இரண்டு மணிக்கு,
உங்கள் மகனோடு."

தாளை வாங்கினாள். கண்ணாடி தேடினாள்.
'புகார்' என்ற சொல்லின்மேல்
ஒரு கோடு, இன்னொரு கோடு.
பிறகு, கம்பிகளை எப்போது பிடுங்குவாய் என்று கேட்டாள்,
அவன் இன்றைக்கு வரலாமா என்று.

வரலாம் என்றேன்.
கருவியை அணைக்க மறந்ததாக
அறிக்கையில் எழுதிக்கொண்டேன்.
இரண்டு மணிக்கு
முதல் கம்பி விழுந்தது, ஆறு பாகை.