அலை ஒன்றரை மீட்டர்

சங்காட் ஜோங்கில் கடல் இல்லை.
ஜோங் என்றால் மலாயில் பாய்மரக் கப்பலாம்.
மேட்டில் செம்பனைதான் நிற்கிறது.
பல் கிளினிக்குக்கு மேல்மாடி,
மின்விசிறியை மூன்றில் வைத்து
நான் கப்பல் தேர்ந்தெடுக்கிறேன்.

தைவான் நீரிணையில் எண்பத்தாறு காற்றாலை.
பழுது பார்க்க ஆள் போகவேண்டும்.
சின்னப் படகு மூன்று: வாடகை மலிவு,
அலை ஒன்றரை மீட்டர் தாண்டினால்
துறைமுகத்திலேயே படுத்துக்கொள்ளும்.
பெரிய கப்பல் ஒன்று: உள்ளேயே அறுபது படுக்கை,
ஆடாத நடைபாலம்.
மூன்று நாள் வாடகைக்கு
இந்தக் கடைவீட்டையே வாங்கிவிடலாம்.

அட்டவணை படகு என்றது.
வருடச் சராசரி அலை, ஒன்று புள்ளி நான்கு.
அனுப்பும் பொத்தான்மேல் விரல்.

கீழே குத்தகைக்காரர் தவசீலன்
போனில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்:
"மழைக்கு வராத லாரி எனக்கெதுக்குய்யா?
வெட்டின குலை ரெண்டு நாளா ரோட்டோரம் கிடக்கு,
மில்லுக்காரன் விலையில கை வைக்கிறான்,
நீ வாடகை கம்மினு சொல்ற!"

விரலை எடுத்தேன்.

சராசரியைப் பிரித்துப் போட்டேன், மாதம் மாதமாக.
ஜூலையில் கடல் குளம்.
டிசம்பரில் முப்பத்தொரு நாளில்
படகு புறப்படக்கூடியது நாலே நாள்.
மீதி நாளெல்லாம்
நின்றுபோன காற்றாலை நின்றபடி,
அதுவும் காற்று அள்ளி வீசும் மாதத்தில்.

அந்த நாலு நாளிலும்
லியாவ் எழுதிய குறிப்பு இருந்தது:
'பயணம் இரண்டு மணி நேரம். மூவருக்கு வாந்தி.
ஏணி ஏறியபின் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தோம்.'
அந்த ஒரு மணி நேரத்துக்கு
அட்டவணையில் கட்டமே இல்லை.
புதிதாக ஒன்று சேர்த்தேன்.
தலைப்பு, வாந்தி.
சராசரி அலையில் எவனும் வாந்தி எடுத்ததில்லை.

அக்டோபர் முதல் மார்ச் வரை கப்பல்.
மற்ற மாதங்களுக்குப் படகு, இரண்டு போதும்.
கூட்டிப் பார்த்தால் மிச்சம் பெரிதில்லை,
ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே.
இதற்கா இரண்டு நாள் என்பார் மேலாளர்.

நான் ஏறிய கப்பல்
பினாங்கு ஃபெரி ஒன்றுதான்.
இருபது நிமிடம்.
பாதியில் பிளாஸ்டிக் பை கேட்டேன்.

அனுப்பிவிட்டுச் சாப்பிட இறங்கியபோது
மழை பிடித்துக்கொண்டது.
வாசலில் வேறு லாரி, டயர் என் இடுப்புயரம்.
தவசீலன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், குடையில்லாமல்.
வாடகை எவ்வளவென்று நான் கேட்கவில்லை.