ஓர் எழுத்தும் ஐந்து நட்சத்திரங்களும்

புது எண் வாங்கிய ஒன்பதாம் நாள்
அது வந்தது.
எட்டு இலக்கம் இல்லை, ஐந்தே இலக்கம்.
பாதி சொல்லும்போது யாரோ கூப்பிட
எழுந்து போய்விட்டதுபோல் நின்ற எண்.

‘மேடம் ர* பின்ட்டே க
கண் பிரிவு, செவ்வாய், காலை 9.40.
வருவதானால் 1, தேதி மாற்ற 2.’

நான் மேடம்தான்.
மற்ற எதுவும் நானில்லை.

ஜூரோங்கில் எங்கள் ஆலைக்குள்
கைப்பேசிக்கு அனுமதி கிடையாது.
பன்னிரண்டு மணி நேரம் பெட்டகத்தில் கிடந்து
இரவு ஏழரைக்கு என் கைக்கு வரும்போது
யார் யாரோ என்னைத் தேடி
ஓய்ந்திருப்பார்கள்.
பக்கத்துப் பெட்டகத்து மாரிசெல் எட்டிப் பார்த்தாள்:
“மோசடி. அழித்துவிடு.”
மின்தூக்கியில் ஒட்டிய போலீஸ் சுவரொட்டியும்
அதையேதான் நான்கு மொழிகளில் சொல்கிறது.

ஆனால் இதில் இணைப்பு இல்லை.
பரிசு இல்லை, பார்சல் இல்லை,
வங்கிக் கணக்கு முடங்கும் என்ற மிரட்டல் இல்லை.
ஒரு கண்ணும் ஒரு செவ்வாய்க்கிழமையும் மட்டும்.

‘நான் அவர் இல்லை’ என்று ஆங்கிலத்தில் அனுப்பினேன்.
‘பதில் செல்லாது. 1 அல்லது 2 மட்டும்.’
‘மன்னிக்கவும், இந்த எண் இப்போது என்னுடையது’
என்று தமிழிலும் அனுப்பினேன், வீம்புக்கு.
அங்கே அது கட்டம் கட்டமாகப்
போய் விழுந்திருக்கும்.
‘பதில் செல்லாது.’

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில்
ஆலை வாசலுக்கு வந்து மருந்தகத்தை அழைத்தேன்.
பியானோ. பிறகு மன்னிப்பு. பிறகும் பியானோ.
பதினெட்டாம் நிமிடத்தில் ஒரு பெண் குரல்:
“எண்ணை மாற்ற அவரேதான் வர வேண்டும், மேடம்.”
“அவர் வருவாரா என்றுதானே
நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள்?”
“ஆமாம், மேடம்.”
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவளுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

என் பழைய எண் அவன் பெயரில் இருந்தது.
வழக்கறிஞர் அலுவலகத்தில் கையெழுத்திட்டுவிட்டு
நேராகப் போய் இந்தப் புதிய அட்டையை வாங்கினேன்.
அந்த எண் இப்போது யார் பையில் அதிர்கிறதோ,
என் பல் மருத்துவர்
யாரிடம் 1 கேட்கிறாரோ.

திங்கள் மாலை மறுபடியும் வந்தது:
‘பதில் இல்லையேல் நேரம் பிறருக்கு வழங்கப்படும்.’

பெட்டக அறை காலியாகிவிட்டது.
2 போட்டால் ஒருத்தியின் கண்ணைத்
தள்ளி வைத்தவள் ஆவேன்.
சும்மா இருந்தாலும் அதேதான்.
1 போட்டால் பொய்.
ஆனாலும் அந்தப் பொய் ஒரு நாற்காலியைப்
பிடித்து வைக்கும்.
அவளிடம் அட்டை இருக்கலாம்,
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய
தேதி இருக்கலாம்.

1.

‘நன்றி. உங்களை எதிர்பார்க்கிறோம்.’
இப்படி ஒரு வாக்கியம்
என் கைப்பேசிக்கு வந்து நாளாகிவிட்டது.
எனக்கில்லை என்று தெரிந்தும்
இருமுறை படித்தேன்.

செவ்வாய் 9.40க்கு நான்
வெள்ளை உடையும் முகமூடியுமாக
கண் மட்டும் வெளியே தெரிய
சிலிக்கன் தகடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டுக்கு அப்புறம்
எண்ணிக்கை தவறியது.
முதலிலிருந்து எண்ணினேன்.

இரவு ஏழரை. பெட்டகம். அதே ஐந்து இலக்கம்.
‘மேடம் ர*, இன்று வருகை தந்ததற்கு நன்றி.
சேவைக்கு எத்தனை மதிப்பெண்? 1 முதல் 5 வரை.’

வந்திருக்கிறாள்.

எந்த வீவக வீட்டிலிருந்தோ
எந்தப் பேருந்து பிடித்தோ,
கண்ணில் சொட்டு மருந்து விட்டு
வெளிச்சம் கூசக் கூச
வீடு திரும்பியிருப்பாள்.
எண்ணை மட்டும் மாற்றிக் கொடுக்கவில்லை.
கேட்டிருக்க மாட்டார்கள்.

மாரிசெல் காலணி மாற்றிக்கொண்டே கேட்டாள்:
“யாரிடமிருந்து?”
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

5 என்று அனுப்பினேன்.
செல்லுபடியானது.