தீர்மானம் எண் நான்கு

முத்தியால்பேட்டை, சோலை நகர்.
கடலுக்கு மூன்று தெரு மேற்கே
எங்கள் பன்னிரண்டு வீடும்
ஒரே மொட்டைமாடிக்குக் கீழே இருக்கின்றன.
இதை மறுப்பவர் தரைத்தளத்து இருசப்பன் மட்டும்.
"எனக்கு மேல மாடியே இல்ல சார்,
சாந்தகுமாரி டீச்சர் வீட்டுத் தரைதான் இருக்கு."

கார் நிறுத்துமிடத்தில் கூட்டம்.
பதினைந்து நாற்காலி போட்டு
ஒன்பது பேர் வந்த ஞாயிற்றுக்கிழமை.
நான்கு லட்சத்து எழுபத்திரண்டாயிரம்
என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்த தாளை
ஸ்கூட்டர் சீட்டில் விரித்து
பறக்காமலிருக்க ஹெல்மெட் வைத்தேன்.
நான் செயலாளர்.
மூன்று வருடத்துக்கு முன்
கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததற்குக் கிடைத்த பதவி.

வீட்டுக்கு இவ்வளவு என்று வகுத்தால்
முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.
சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் என்றால்
சின்ன வீட்டுக்கு முப்பத்திரண்டு, பெரிய வீட்டுக்கு ஐம்பத்துநாலு.
பெரிய வீட்டுக்காரர்கள்
அன்றைக்குத்தான் சமத்துவம் பேசினார்கள்.
பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று ஒரு வரி.
அதை வைத்துக்கொண்டு
ஒரு மணி நேரம் பிரித்தோம்.

மாடிப்படியோரம் நின்றிருந்தாள் குணவதி,
மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவள்.
ஜிப்மரில் நர்ஸ், நைட் ஷிப்ட் முடித்த கண்கள்.
வாடகைக்காரருக்கு வாக்கில்லை.
வாளி உண்டு.
"நிமிஷத்துக்கு இருபத்திரண்டு சொட்டு.
எண்ணிட்டேன்.
வார்டுல இந்த வேகத்துல ஏத்தினா
பாட்டில் முடிய ராத்திரி ஆயிடும்" என்றாள்.
யாரோ சிரித்தார். யாரோ டீ கேட்டார்.

மேஸ்திரி அங்காளன் தலையைச் சொறிந்தார்.
"மாடியில பதினேழு டிஷ் இருக்குங்க.
ஒண்ணுக்கு நாலு போல்ட்டு.
அறுபத்தெட்டு ஓட்டை.
வீடு பன்னெண்டுதானே?"

இப்போது எல்லோர் வீட்டிலும் வயரில் வருகிறது படம்.
செத்த குடைகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடிக்கின்றன.
யாருடையது எது?
இருசப்பன் செருப்பைப் பார்த்தார்.
டீச்சர் தோட்டத்துக் குழாயைப் பார்த்தார்.
நான் தாளைப் பார்த்தேன்.

எனக்கு ஒன்று தெரியும்.
தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே நான்காவது.
உலகக் கோப்பைக்கு முந்தின நாள்
இருசப்பனிடம்தான் டிரில்லிங் மிஷின் இரவல் வாங்கினேன்.
வெள்ளை மாவு பறந்தது.
என்ன உறுதி பார், இந்தக் கட்டடம் என்று
அப்போது மகிழ்ந்துபோனேன்.
நேர் கீழே
இன்றைக்குக் குணவதியின் கட்டில்.

காரணம்: ஃபெஞ்சல் புயல்
என்று எழுதினேன் நோட்டில்.
புயல் வந்து மறுக்கப்போவதில்லை.

பார்க்கிங் விளக்கையும் மாற்றினால்
தருவதாக இருசப்பன் இறங்கி வந்தார்.
குணவதி வீட்டுக்காரர் லெயோன் மதுரநாயகத்தை
போனில் பிடித்தேன்.
பாரீஸில் இன்னும் விடியவில்லை.
"ஐம்பத்துநாலா? பரவால்ல, போட்டுடறேன்.
ஜனவரியிலேர்ந்து வாடகைல
ரெண்டாயிரம் ஏத்திக்கறேன்."
ஸ்பீக்கரில் இருந்தது போன்.
இருபத்தேழு மாதம், என்று
என் தலை தானாகவே வகுத்தது.
அவள் எதுவும் சொல்லவில்லை.
காலி நாற்காலிகளை
ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

ஒருமனதாக நிறைவேறியது
என்று வாசித்தேன்.
கையெழுத்துப் போட்டார்கள்.

இரவு ஒன்பதரைக்கு
ஸ்பேனரும் டார்ச்சுமாக மாடி ஏறினேன்.
உப்புக் காற்றில் நட்டு எல்லாம்
ரொட்டி மாதிரி உதிர்ந்தது.
மூன்று வந்துவிட்டன.
நான்காவது சுற்றுகிறது,
சுற்றிக்கொண்டே இருக்கிறது,
கழலவில்லை.
தட்டினேன்.
இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.

கீழே ஜன்னல் திறக்கும் சத்தம்.
இன்று அவளுக்கு ஷிப்ட் இல்லை போலிருக்கிறது.
தூக்கம் கலைந்த குரலில் கேட்கிறாள்:

"யாரு மேல?"